யாரும் மூடவில்லை

சுத்துவழி அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டில் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி மேலாளர் முதல் தரை துடைக்கிறவர் வரை அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் சுத்துவழி அக்காதான். மூக்குக்கு நேராக ஒரு பாதை கிடந்தால், அதை ஒரு சந்தேகப் பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் வேறு வழி இருக்கிறதா என்று தேடுகிற மனுஷி. பேர் வைத்தவர் யாரோ, பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

ஒரு விமான நிறுவனத்தில் பாதை போடுவது அவர் வேலை. விமானத்தை ஓட்டுகிறவர் விமானி, அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வழியாகப் போவது, எவ்வளவு உயரத்தில் போவது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, வழியில் இடிமேகம் நின்றால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதையெல்லாம் தரையில் உட்கார்ந்து முன்கூட்டியே போட்டுக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும் கையெழுத்துப் போட வேண்டும், விமானியும் போட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சக்கரம் உருளாது. இத்தனை தடவை பறந்து போய்வருகிறோமே, இறங்கும்போது நம்மில் ஒருவராவது "பாதை போட்ட புண்ணியவதி யாரம்மா?" என்று கேட்டிருப்போமா? காப்பி ஆறிப்போச்சு என்று புகார் எழுத மட்டும் கை துறுதுறுக்கும்.

அக்கா வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது. ஊர் ஊராக வானத்தைப் பங்குபோடுகிறவர்களுக்குச் சொந்த வானத்தில் ஒரு துண்டுகூடத் தெரியாது. நீள மேசை, வரிசையாகத் திரைகள், எதிர்ச் சுவர் முழுக்க ஒரு பெரிய வரைபடம். ஏசி குளிர் எலும்பைக் குடையும் என்பதால் அக்கா வருஷம் முழுக்க வீட்டுக்காரரின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அதன் முழங்கையில் ஓட்டை. தைக்கச் சொன்னால், "காத்து வர ஒரு வழி வேணும்ல?" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். வீட்டுக்காரர் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறார். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷன், பெண்டாட்டியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டால், ஸ்டீயரிங் அவர் கையில் இருக்கும், வண்டி அக்கா சொன்ன பக்கம் போகும்.

"அந்தத் தெரு வேண்டாம். கட்டடம் கட்டறாங்க, மேல கிரேன் தொங்குது. இப்படித் திருப்புங்க."

"அந்தக் கிரேன் ரொம்ப நாளா அங்கதானே தொங்குது? விழவே இல்லையேம்மா!"

"விழறது உங்ககிட்ட சொல்லிட்டு விழுமா?"

இதற்குப் பதில் எந்த ஓட்டுநர் பள்ளிப் பாடத்திலும் இல்லை. வண்டி சுற்றிப் போகும்.

பயந்தாங்கொள்ளி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். "சார், உங்களுக்கு மத்தியானத்துக்கு மேல மூளை வேலை செய்யாது, இதைக் காலையில பேசலாம்" என்று மேலாளரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவர் அக்கா. அந்த நல்ல மனுஷனும் தலையாட்டிவிட்டுப் போய், மறுநாள் காலையில் வந்து பேசினார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வேளையில்தான் அந்தச் சண்டை ஆரம்பித்தது. எங்கோ தூரத்தில், நமக்கு மாமனும் இல்லை மச்சானும் இல்லை என்கிற இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டன. செய்தியைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு நாமெல்லாம் அடுத்த வேலைக்குப் போகலாம். பாதை போடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. இவர்களுடைய விமானங்கள் காலங்காலமாகப் போய்வந்த நேர்வழிக்கு நேர் கீழேதான் அந்த அடிதடி. அந்த நாட்டு அதிகாரிகள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். இன்ன உயரத்துக்குக் கீழே யாரும் பறக்கக் கூடாது, அதற்கு மேலே தடையில்லை. உடனே பல நிறுவனங்களின் விமானங்கள் கொஞ்சம் உயரம் ஏறிக்கொண்டு, பழையபடி ஜம்மென்று நேராகப் போக ஆரம்பித்தன.

வானிலைக்காரர் அந்த அறிவிப்பை மேசையில் வாசித்துக் காட்டினார். காற்றையும் மேகத்தையும் பார்த்துச் சொல்லும் வேலை அவருக்கு. அக்காவைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"கீழதான் மூடியிருக்கு. மேல திறந்திருக்கு அக்கா."

"யாரு திறந்து வெச்சாங்க?"

"அந்த நாட்டுக்காரங்கதான்."

"திறந்து வெச்சாங்களா, மூடாம விட்டாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அது எப்படி ஒண்ணாகும்? எங்க தெருமுனையில சாக்கடைக் குழிக்கு மூடி இல்ல. 'திறந்திருக்கு, வாங்க வாங்க'ன்னா சொல்றோம்? இன்னும் எவனும் மூடலன்னுதானே சொல்றோம்?"

மேசையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேலாளர் மட்டும், "அவங்க வானம், அவங்களுக்குத் தெரியாதாம்மா? ஊரே போகுது. ஊரோட ஒத்துப்போனா என்ன?" என்றார்.

"ஊரே குழியில விழுந்தா நானும் விழணுமா சார்? மூடினா, மேல பறக்கறவங்க அவங்களுக்குக் கட்டற வழிக்கட்டணம் நின்னுபோகும், கௌரவமும் போகும். சண்டை போடறவன் தன் வீட்டுக் கதவைத் தானே சாத்துவான்னு நாம காத்துக்கிட்டிருக்கணுமா?"

அன்றைக்கே அக்கா ஒரு சட்டம் போட்டார். அந்த மேசையில் 'திறந்திருக்கு' என்ற வார்த்தையை இனி யாரும் சொல்லக் கூடாது. 'யாரும் மூடல' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறிச் சொன்னவர் மேசை முழுக்க டீ வாங்கித் தர வேண்டும். முதல் சில நாள் டீயில் குளித்தார்கள். பிறகு நாக்கு பழகிவிட்டது. பழகியது அளவோடு நின்றதா? "கேன்டீன் யாரும் மூடலையா?" "கழிப்பறை யாரும் மூடல, போங்க" என்று அலுவலகமே ஒரு தினுசாகப் பேச ஆரம்பித்துவிட்டது. வெளியாள் கேட்டால் மண்டையைச் சொறிவான். அக்காவின் வீட்டுக்காரர்கூட, "நாளைக்கு வகுப்பு உண்டா சார்?" என்று கேட்டவரிடம் "யாரும் மூடலப்பா" என்று சொல்லிவிட்டு, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டார்.

விளையாட்டுப்போலத் தோன்றினாலும் விஷயம் அதற்குள் இருந்தது. திறந்திருக்கிறது என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். யாரும் மூடவில்லை என்று சொல்லிப் பாருங்கள், ஏன் மூடவில்லை என்ற அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். அந்தக் கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லாததால் அக்காவின் நிறுவனம் சுற்றியே போனது. எரிபொருள் கூடியது, நேரம் கூடியது. எதிர்க்காற்று பலமாக வீசும் நாளில் நடுவழியில் ஓர் ஊரில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. பயணிகள் கத்தினார்கள். மேலிடம் மேலாளரைப் பார்த்துக் கத்தியது. மேலாளர் இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, அக்கா போட்ட பாதைகளுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இனி அக்காவின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். கூடையைத் தூக்கி வைத்து அவர் குரல் கொடுத்தால் சந்தையின் கடைக்கோடியில் பேரம் பேசிக்கொண்டிருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். வீட்டிலும் அந்தத் தொண்டை சும்மா இருக்காது. தட்டில் கடைசி ஆரஞ்சுச் சுளை மிஞ்சினால் போதும், "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று ஆரம்பித்துவிடுவார். பெரியவள் யோசித்து முடிப்பதற்குள் சின்னவள் பிடுங்கித் தின்றிருப்பாள். இரண்டும் பெண்பிள்ளைகள், இரண்டும் அவர் கண்மணிகள். அம்மா போன பிறகு அவர் பெரியவள் வீட்டுக்கே வந்துவிட்டார். சின்னவள் கடல் கடந்து போய் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல் கம்மியது, பிறகு கரகரத்தது, பிறகு வெறும் காற்றாக வர ஆரம்பித்தது. மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். குரல்பெட்டியை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், ஆனால் அதன் பிறகு அவர் குரல் கிடையாது. கருவி வைத்துப் பேசப் பழகலாம், அது வேறு ஒரு குரல்.

"கருவி வெச்சா கொரகொரன்னு கேக்குமாம்," என்று அப்பா அக்காவின் காதில் முணுமுணுத்தார். "பரவால்ல. உன் புருஷனுக்குப் பயம் காட்ட உதவும்."

அறுவைச் சிகிச்சை அடுத்த வாரம் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு திடீரென்று முன்னால் இழுத்துவிட்டார்கள். சின்னவள் விடுமுறைக்கு அழுது மன்றாடி, கிடைத்த கடைசி இருக்கையைப் பிடித்தாள். அது அக்காவின் நிறுவனத்து விமானம். விடியும்போது இறங்கும். அப்பாவை உள்ளே கொண்டுபோவது அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து. நேரே மருத்துவமனைக்கு ஓடிவந்தால் சற்று நேரம் பக்கத்தில் உட்காரலாம். போனில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போனில் அவர் குரல் வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. நேரில், வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் சொல் பிரிந்தது. ஆக, விடியலில் வந்து சேர்ந்தால் சின்னவள் அப்பா பேசுவதைக் கேட்பாள். தாமதித்தால் இனி எந்தக் காலத்திலும் கேட்க மாட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை என் காதுல அவர் ஏதாச்சும் சொல்லணும். திட்டினாக்கூடப் போதும்."

"வா வா, உனக்குன்னு நிறைய சேர்த்து வெச்சிருக்கார். வந்து வாங்கிக்கோ," என்றார் அக்கா.

சின்னவள் கிளம்ப வேண்டிய நாள் பிற்பகலில் அந்த விமானத்துக்குப் பாதை போடும் முறை அக்காவுடையதாக இருந்தது. வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். தன் தங்கை வருகிற விமானத்தை அடுத்தவர் கையில் கொடுக்கிற ஆளா அக்கா? உட்கார்ந்து இரண்டு வழியும் போட்டுப் பார்த்தார். எதிர்க்காற்று அன்றைக்கென்று பேயாக வீசியது. சுற்றி வந்தால் நடுவில் இறங்கி எரிபொருள் போட்டாக வேண்டும். காலை நன்றாக ஏறிய பிறகுதான் ஊர் வந்து சேரும். நேராக வந்தால் விடியலில் இறங்கிவிடும்.

அன்று காலையில் ஒரு செய்தியும் வந்திருந்தது. சண்டைக்காரர்களில் ஒரு தரப்பின் சரக்கு விமானத்தை மறு தரப்பு சுட்டு வீழ்த்தியிருந்தது. பயணிகள் விமானம் போகிற உயரத்துக்குக் கீழேதான். ஆனாலும் தோளில் வைத்துச் சுடுகிற ஆயுதத்துக்கு எட்டாத உயரம். அப்படியென்றால் யாருடைய கைக்கோ இன்னும் மேலே எட்டுகிற ஏதோ பெரிய சாமான் வந்து சேர்ந்திருக்கிறது. இதை அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்ற நிறுவனங்கள் அன்றும் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தன. அறிவிப்பும் மாறவில்லை.

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் நேரா போட்டுடும்மா. சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. கூட நானும் கையெழுத்துப் போடறேன். ஏதாவது கேள்வி வந்தா என்னைக் கேக்கட்டும்."

சின்னவள் விமானம் ஏற வேண்டிய ஊரிலிருந்து விமானியும் கூப்பிட்டார். "உங்க தங்கச்சி நம்ம விமானத்துலதான் வர்றாங்களாமே? கேள்விப்பட்டேன். நீங்க சுத்தச் சொன்னா சுத்தறேன். நேரா போட்டீங்கன்னா நேரா கொண்டுவந்து சேர்க்கறேன். உங்க கையெழுத்து மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

பாருங்கள் வேடிக்கையை. யாராவது ஒரு முரடன் வந்து மேசையைத் தட்டி மிரட்டியிருந்தால் அக்காவுக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்பியிருப்பார். வந்தவர்கள் எல்லாம் நல்லவர்களாக இருந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் அன்பாகத்தான் பேசினார்கள். அந்த அன்பு நேர்வழியையே காட்டிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கும் ஆசை இல்லாமலா? நெஞ்சு முழுக்க ஆசைதான். அப்பாவின் படுக்கையோரம் சின்னவள் குனிந்து காதைக் கொடுப்பதை மனசு படம் படமாகக் காட்டியது. அவர் திரையைப் பார்த்தபடி மேலாளரிடம் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் உயரம் ஏத்திப் போடலாம் சார். மேல காத்தும் அவ்வளவு மோசமில்ல... வானமும் திறந்துதானே இருக்கு."

மேசையில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

வானிலைக்காரர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கதோஷத்தில், "அக்கா, டீ," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

 அக்கா எழுந்து கைகழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட வாய், தனக்கென்று வந்ததும் அந்த வார்த்தையைக் கூசாமல் சொல்லிவிட்டதே என்று ஓர் அழுகை. அப்பாவுக்காக ஒன்று, சின்னவளுக்காக ஒன்று. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மேசை முழுக்க டீ சொன்னார். சட்டம் என்றால் சட்டம்தானே!

"சார், அங்க கீழ ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல ஒரு திரை முன்னாடி உக்காந்திருப்பான். நம்ம விமானம் அவனுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ள அப்பாவைப் பார்க்க ஒருத்தி ஓடிவர்றான்னு அவனுக்கு யார் போய்ச் சொல்லுவா? அது சரக்கு விமானம் இல்ல, ஜனங்க இருக்காங்கன்னு யார் சொல்லுவா? அப்பா பேச்சைக் கேக்க வைக்கறதுக்காக அவளையே பணயம் வைக்க என்னால முடியாது. அவளோட வர்ற மத்தவங்களை வைக்க எனக்கு உரிமையே கிடையாது."

 மேலாளர் எழுந்து நாற்காலியை எடுத்த இடத்திலேயே போட்டார். அக்கா சுற்றுவழியைப் போட்டுக் கையெழுத்திட்டார். டீ வந்தது. அவருடையது மட்டும் ஆறிப்போயிற்று.

விமானம் ஏறுவதற்கு முன் தங்கையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அக்காதான். அடுத்தவர் சொல்லித் தெரிவதைவிடத் தானே சொல்லித் திட்டு வாங்குவது மேல் என்று நினைத்தார்.

"நேரா வந்தா நேரத்துக்கு வந்துருவேனா?"

"வந்துருவே."

"நேரா போறதுக்குத் தடை இருக்கா?"

"இல்ல."

"அப்ப யாரு சுத்தி அனுப்பறது?"

"நான்தான்."

விமான நிலையத்து இரைச்சலை மீறிச் சின்னவளின் குரல் ஏறியது.

"நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மருத்துவமனையில் அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, முன்னதாகவே வந்து பெஞ்சைப் பிடித்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாள் நேரா விட்டா என்ன குடியா முழுகிடும்? கூடப்பிறந்தவளுக்கே இப்படின்னா ஊராரை என்ன பாடு படுத்துவே நீ? உங்கப்பா வாயில்லாம வெளிய வரப்போறாரு. அவ வந்து யார்கிட்ட பேசுவா? சுவர்கிட்டயா?" வீட்டுக்காரர் அத்தைக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். குடித்துவிட்டு இன்னும் தெம்பாகத் திட்டினார்.

அப்பாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து அறுவை அறை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் கண் ஒவ்வொரு முகமாகத் தேடியது. அக்கா குனிந்து அவர் வாயருகே காதைக் கொண்டுபோனார்.

"சின்னவ எங்க?"

"சுத்தி வர்றாப்பா."

"அப்பன் இங்க கிடக்கறேன்... ஊர் சுத்தவா போயிருக்கா?"

அழுகைக்கு நடுவில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழியில் சண்டை நடக்கிறது, அதனால் நான்தான் அவளைச் சுற்றி வரச் சொன்னேன், நீங்கள் உள்ளே போன பிறகுதான் வந்து சேருவாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். தன்மேல் கோபமா என்றும் கேட்டார்.

அப்பா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "வந்துருவால்ல?"

"வந்துருவா. அதுக்குத்தான்பா."

"அப்ப சரி."

பிறகு அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். இருக்கிற காற்றையெல்லாம் திரட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "நல்ல சரக்கு... ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார். வண்டியைத் தள்ளுகிறவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கதவு திறந்தது, வண்டி உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னவள் வந்து சேர்ந்தபோது உள்ளே வேலை பாதி நடந்திருக்கும். வீட்டுக்காரர்தான் போய் அழைத்து வந்தார். அவள் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா எழுந்து வந்ததைப் பார்த்தும் பார்க்காதவள்போலப் பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள். அக்கா வாங்கிவந்த ரொட்டியைத் தொடவில்லை. வீட்டுக்காரர் வாங்கிவந்த அதே கடை ரொட்டியைத் தின்றாள். போனை எடுத்து எதையோ தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, ஆள் பிழைத்துக்கொண்டார் என்று மருத்துவர் வந்து சொன்னபோதுகூட இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் அழுதார்கள்.

மறுநாள் அப்பாவைத் தலையணைக்குச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டு. மூச்சு இனி கழுத்தில் இருக்கும் துவாரம் வழியாகத்தான். சின்னவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கண்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. பழக்கத்தில் வாயைத் திறந்து உதட்டை அசைத்தார். சின்னவள் சட்டென்று குனிந்து காதைக் கொடுத்தாள். உதடு அசைந்துகொண்டேயிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. காதில் மூச்சுக்காற்றுகூடப் படவில்லை.

அவள் நிமிர்ந்தாள். கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அக்காவைப் பார்த்தாள். அடைத்து வைத்ததெல்லாம் அப்போது வெடித்தது.

"நேத்து பூரா நான் தேடிப் பார்த்தேன். எத்தனை விமானம் அந்த வழியா நேரா வந்திருக்கு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒண்ணுக்காவது ஏதாச்சும் ஆச்சா?"

"ஆகல. எல்லாம் நல்லபடியா இறங்கிடுச்சு."

"அப்ப நானும் வந்திருப்பேன்ல? ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்ல? ஒண்ணுமே நடக்கலையே அக்கா! ஒண்ணுமே நடக்காத ஒண்ணுக்காக என்கிட்டேருந்து அதைப் பிடுங்கிட்டியே! எதுக்கு? சொல்லு, எதுக்கு?"

அக்காவிடம் காட்ட ஓர் ஆதாரமும் இல்லை. அந்த வேலையின் சாபமே அதுதான். சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? சின்னவளுக்கு அப்பாவின் தொண்டை. அந்தச் சத்தத்தில் வார்டே அதிர்ந்தது. அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஒருத்தர் வாசலில் வந்து, "மெதுவா, மெதுவா," என்றார். சின்னவள் நிறுத்தவில்லை. எதுக்கு, எதுக்கு என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"இதுக்குத்தான்," என்றார் அக்கா.

"எதுக்கு?"

"நீ இப்படிக் கத்தறே பாரு, இதுக்குத்தான். இந்தச் சத்தம் எங்க காதுல விழணும்னுதான்டி."



அப்போது கட்டில் ஆட ஆரம்பித்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது, வாய் முழுக்கத் திறந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் எப்போது பிடித்துக்கொண்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அப்பா சின்னவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். திட்டு, ஏன் நிறுத்திவிட்டாய், இன்னும் திட்டு என்று அர்த்தம்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் கையை விடாமலே, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பித்தாள்.